பிறந்தநாள் ஓசி: ஏழு வருட அனுபவம்

பிறந்தநாளுக்கு உணவகம் அனுப்பிய இலவசக் கூப்பனை முதல் வருடம் நான் நீட்டியதே பில் வந்த பிறகுதான். சாப்பிட்டு முடித்து, கை துடைத்து, அட்டைக்குள் இருந்த பில்லைத் திறந்து பார்த்துவிட்டு, ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, "அட, இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள், ஃபோன்ல ஏதோ ஆஃபர் வந்திருந்துச்சு..." என்று இழுத்தேன். உண்மையில் அந்த மின்னஞ்சலை மூன்று நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். சர்வர் பையனின் முகம் லேசாக மாறியது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். அடித்த பில்லை ரத்து செய்ய மேனேஜர் வரவேண்டும். மேனேஜர் வேறொரு மேசையில் ஒரு சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வந்து சேர்ந்த கேக் துண்டை இரண்டு பேரும் பேசாமல் தின்றோம்.

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்பார்களே, அந்த ஆள் நான்தான். அதனால் அந்த அவமானத்தோடு விட்டுவிடவில்லை. ஏழு வருடமாக எந்த உணவகத்தில் பிறந்தநாள் சலுகை என்று கண்டாலும் பெயரைப் பதிந்துவைத்திருக்கிறேன். இன்றைக்குப் பதின்மூன்று இடங்களில் என் பிறந்த தேதி இருக்கிறது. இதில் வருடத்துக்கு நான்கைத்தான் உருப்படியாகப் பயன்படுத்துகிறேன்.

மீதி ஒன்பது எங்கே போகிறது என்றால், நிபந்தனையில் போகிறது. 'இலவசம்' என்ற ஒரே சொல்லுக்குள் நாலு விதமான சரக்கு இருக்கிறது. எதுவும் வாங்காமலே கொடுப்பது ஒன்று. இது அபூர்வம், பெரும்பாலும் ஒரு காபியோ ஐஸ்கிரீமோதான். ஏதாவது வாங்கினால் கூடவே கொடுப்பது இரண்டாவது. ஒன்றுக்கு ஒன்று என்பது மூன்றாவது. அதைத் தனியாளாக வாங்கினால் இரண்டாவது தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கவேண்டியதுதான். நான்காவது, பில்லில் இத்தனை சதவீதம் தள்ளுபடி. இதற்குப் பெயர் பரிசு இல்லை, வியாபாரம். இதெல்லாம் போக, உட்கார்ந்து சாப்பிட்டால் மட்டும், வேறு சலுகையோடு சேராது, ஒரு மேசைக்கு ஒன்று என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரிசை ஓடும்.

செல்லுபடியாகும் காலம்தான் என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம். மாதம் முழுக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்குப் புண்ணியம். ஒரு வாரம் கொடுப்பவர்களும் பரவாயில்லை. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்பவர்களிடம் நான் இப்போது எதிர்பார்ப்பே வைப்பதில்லை, பிறந்தநாளன்று மனிதனுக்கு வீட்டில் வேலை இருக்காதா? இன்னொன்று, அன்று காலையில் ஆப்பை இறக்கிப் பதிந்துவிட்டு மதியம் கூப்பனை எதிர்பார்க்க முடியாது. பல இடங்களில் சில நாள், சில வாரம் முன்னாலேயே பதிந்திருக்கவேண்டும். சில இடங்களில் அதற்குள் ஒரு முறையாவது வாங்கியிருக்கவும் வேண்டும். என் மனைவி பிப்ரவரி 29 இல் பிறந்தவள். 2024 இல் அவளுக்குச் சரியாக வந்த கூப்பன் 2025 இல் ஒரு கடையிலிருந்து வரவேயில்லை. இல்லாத தேதிக்கு மின்னஞ்சல் அனுப்ப அந்தக் கணினிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? உணவகம் ஏன் கொடுக்கிறது என்பதை யோசித்த பிறகுதான் எனக்குக் கூச்சம் விட்டது. பிறந்தநாள்காரர் தனியாக வருவதில்லை, குறைந்தது இன்னும் இரண்டு பேர் முழுக்காசு கொடுத்துச் சாப்பிட வருவார்கள். கொடுக்கும் இனிப்பின் விலை மெனுவில் என்னவாக இருந்தாலும், சமையலறைக்கு ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். கூடவே நம் மின்னஞ்சல் முகவரியும் வருடம் முழுக்க நம்மைக் கூப்பிடும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்துவிடுகின்றன. ஆக இது தர்மமும் இல்லை, பிச்சையும் இல்லை. அவர்கள் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். நாம் ஏன் திருடன் மாதிரி கேட்கவேண்டும்?

நான் இப்போது செய்வது இது. உட்கார்ந்தவுடன், மெனுவைத் திறப்பதற்கு முன்னால், ஃபோனைக் காட்டி "இது இன்றைக்குச் செல்லுமா?" என்று கேட்டுவிடுகிறேன். இதில் நம் மரியாதையைவிட அவர்களுடைய வேலை அடங்கியிருக்கிறது. இலவசப் பொருளையும் கணினியில் ஏற்றித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் இரவில் சரக்குக் கணக்கு உதைக்கும். ஆர்டர் எடுக்கும்போதே சொன்னால் அது இரண்டு தட்டல். பில் அச்சடித்த பிறகு சொன்னால் பல கடைகளில் மேனேஜரின் அனுமதி இல்லாமல் தொடவே முடியாது. அன்றைக்கு அந்தப் பையன் முகம் மாறியது என் கஞ்சத்தனத்தைப் பார்த்து என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவனுக்கு நான் வேலை வைத்தேன், அவ்வளவுதான். "செல்லாது சார்" என்று சொன்னால் சரி என்று விட்டுவிடுவேன். ஒரு துண்டு கேக்குக்காகப் பொடி எழுத்தைப் படித்துக்காட்டி வாதாடும் ஆளாக ஒருமுறை இருந்திருக்கிறேன். ஜெயித்தேன். கேக் ருசிக்கவில்லை.

டிப்ஸ் வைக்கும் வழக்கமுள்ள இடமாக இருந்தால், தள்ளுபடிக்கு முந்தைய தொகைக்குத்தான் கணக்குப் போடவேண்டும். தட்டைத் தூக்கி வந்தவர் பாதி தூரம்தானா நடந்தார்?

வெறும் இலவசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வாங்கத் தேவையில்லை என்று அவர்களே எழுதியிருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் வார இறுதி இரவில், வாசலில் ஆட்கள் காத்திருக்கும்போது, ஓர் ஓசி ஐஸ்கிரீமுக்காக நாலு பேர் மேசையில் ஒற்றை ஆளாக உட்காராதீர்கள். மதியம் மூன்று மணிக்குப் போங்கள், ராஜ மரியாதை கிடைக்கும்.

தேதி விஷயத்தில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. என் அடையாள அட்டையில் இருப்பது ஒரு தேதி, அம்மா சொன்ன தேதி வேறு. ஆரம்பத்தில் பாதிக் கடைகளில் இதையும் மீதிக் கடைகளில் அதையும் போட்டு வருடத்துக்கு இரண்டு முறை பிறந்தேன். ஒரு கடையில் அட்டையைக் கேட்டார்கள். நான் விளக்க ஆரம்பித்தேன். என் மகள் பக்கத்திலிருந்து, "அப்பா, உங்களுக்குப் போன மாசம்தானே கொண்டாடினோம்?" என்றாள். அன்றோடு எல்லா இடத்திலும் அட்டைத் தேதிக்கு மாறிவிட்டேன். பிறந்தநாளே இல்லாமல் பிறந்தநாள் என்று சொல்லி வாங்குகிறவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்களால்தான் மற்றவர்களிடம் அட்டை கேட்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பாட்டு. சில உணவகங்களில் ஊழியர்கள் கூட்டமாக வந்து, கை தட்டி, கேள்விப்படாத ஏதோ ஒரு பாட்டைப் பாடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த 'ஹேப்பி பர்த்டே' இருக்க இது எதற்கு என்று நினைத்திருக்கிறேன். காரணம் காப்புரிமை. மில்ட்ரெட் ஹில், பேட்டி ஹில் என்ற அமெரிக்க சகோதரிகள் குழந்தைகளுக்காக எழுதி 1893 இல் வெளிவந்த காலை வணக்கப் பாட்டின் மெட்டு அது. பின்னாளில் அதன் உரிமை தன்னுடையது என்று ஓர் இசை நிறுவனம் பல ஆண்டுகள் காசு வசூலித்து வந்தது. 2015 இல் அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. மறு வருடம் 1.4 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. அதுவரை காசு கொடுக்க விரும்பாத உணவகங்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டிக்கொண்டன. பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை. எனக்கு இந்தப் பாட்டு ஆகாது. முன்கூட்டியே "பாட்டு மட்டும் வேண்டாம்" என்று சொன்னால் பாடுகிறவர்களுக்கும் நிம்மதிதான், அவர்கள் முகத்திலேயே தெரியும். அதைவிட, நண்பருக்குக் கூச்சம் என்று தெரிந்தும் அவர் காதுபடாமல் சர்வரிடம் போய்ப் பாடச் சொல்லிவைக்காதீர்கள்.

குறை என்று சொன்னால் மின்னஞ்சல் தொல்லைதான். இதற்கென்று தனி முகவரி வைத்துக்கொண்டேன், எனவே அது சமாளிக்கக்கூடியது. பிறந்த தேதி அப்படியல்ல. வங்கியில் தொலைபேசியில் நம்மை யாரென்று சரிபார்க்கக் கேட்கும் விவரங்களில் அதுவும் ஒன்று. நாளும் மாதமும் மட்டும் போதும் என்கிற கடைகளில் கவலையில்லை. பிறந்த வருடத்தையும் கட்டாயமாகக் கேட்பவர்களிடம் இப்போது பதிவதில்லை. ஏற்கெனவே கொடுத்ததை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஒன்றை நீக்கப் போனபோது, "உங்கள் பிறந்தநாள் பரிசை இழந்துவிடுவீர்கள், நிச்சயமா?" என்று ஆப் கேட்டது. பிறந்தநாளுக்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. ஒரு கணம் விரலை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் அழுத்தினேன்.