குழந்தைகளுக்கான பல்ஸ் ஆக்சிமீட்டர்: வெகுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சு விடப் பிள்ளை எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை இந்த விரல் கிளிப் காட்டாது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம், நாடித் துடிப்பு எத்தனை, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் உபயோகமான பொருள்.

நாங்கள் இருப்பது காரைக்குடி பக்கம், பழைய வீடு. முன்னோருக்குச் செய்யும் படைப்பு வருகிறதென்று பூட்டிக் கிடக்கும் உள்கட்டு அறைகளைத் திறந்து தூசி தட்டினால் போதும், நாலு வயது மகனுக்கு அன்று ராத்திரியே மூச்சிளைப்பு. மார்கழிப் பனியிலும் இதே கதைதான்.

சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்துத்தான் கருவி கணக்குப் போடுகிறது. பெரியவர்களின் கிளிப்பைச் சின்ன விரலில் மாட்டினால் பக்கவாட்டில் ஒளி கசிந்து எண் தாறுமாறாக வரும். கை சில்லென்று இருந்தாலும், பிள்ளை அழுது உதறினாலும் அப்படித்தான். நான் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, திரையில் அலை சீராக ஓடிய பிறகே எண்ணைப் பார்ப்பேன். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-ல் எச்சரித்தது. நான் வாங்கிய பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கறுத்த தோல் அதிகமுள்ள நம் ஊரில் விற்கிற பொருளில்!

முக்கியமான விஷயம் வேறு. இளைப்பு வந்தால் பிள்ளை வேகவேகமாக மூச்சிழுத்துச் சமாளிக்கும். எண் 97-லேயே நிற்கும், அது இறங்குவதற்குள் பிள்ளை களைத்துப்போகலாம். அதனால் எங்கள் டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி சட்டையைக் கழற்றிவிட்டு, விலாவுக்குக் கீழேயும் தொண்டைக் குழியிலும் உள்ளே இழுக்கிறதா, மூக்கு விடைக்கிறதா என்று பார்க்கிறோம். அப்புறம் அழாமல் இருக்கும்போது முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுகிறோம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 1 வயதிலிருந்து 5 வயதுவரை 40-ஐத் தொட்டால் அது வேகமான மூச்சு. 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50. அப்பத்தா கருவியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, “வயித்தப் பாருடா” என்பார்.

தூக்கப் பரிசோதனையில் நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டி மூச்சு விடும் இந்தச் சிரமத்தையே அளக்கிறார்கள். வீட்டுக்கு அது தேவையில்லை. வயிறு தெரிய போனில் எடுத்த வீடியோதான் டாக்டருக்கு அதிகம் உதவியது.

எண் 92-க்குக் கீழே போனால் உடனே கிளம்பிவிடுவோம். விலா உள்ளே இழுத்தால் எண் என்ன காட்டினாலும் கிளம்புவோம்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே பிள்ளையின் விரலில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்துவிடும்.