ஏற்காட்டில் ஒருநாள் பெற்றோர் பயிற்சி: மதியத்துக்காகவே மலையேறலாம்

வீட்டில் பிள்ளைகளோடு குடும்ப ஜெபம் நடத்தப் பெற்றோரைப் பழக்க சேலம் சபை ஒன்று ஏற்காட்டில் நடத்தும் இந்தப் பயிற்சியில், காலை இரண்டு மணி நேரப் பேச்சைத் தவறவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்லும் பைபிள் வசனம் உபாகமம் 6:7, பவுலின் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசமுள்ள பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று எல்லாம் கேட்டுப் பழகியதுதான். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் பற்றிய ஐந்து நிமிடம் மட்டும் புதுசு. 1529-இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாட நூலில், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்கும் விதம் என்று பகுதிகளுக்குத் தலைப்பே போட்டிருக்கிறார். சண்டே ஸ்கூல் டீச்சர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க அப்போதே வழியில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஒன்றரை மணி நேரம்தான் விஷயம். நான்கு குடும்பம் ஒரு வட்டம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பிள்ளைகளோடு 10 நிமிடக் குடும்ப ஜெபத்தை அங்கேயே நடத்த வேண்டும். பாட்டு 2 நிமிடம், பல்லவியும் ஒரே சரணமும். வாசிப்பு 3 நிமிடம். மூன்று கேள்விக்கு 3 நிமிடம்: வாசித்த பகுதியில் யார் யார் வந்தார்கள், எது ஆச்சரியம், நாளைக்கு நாம் என்ன செய்யலாம். கடைசி 2 நிமிடத்தில் ஆளுக்கு ஒரே வாக்கியத்தில் ஜெபம்.

வாசிக்க மாற்கு சுவிசேஷம். மொத்தம் 678 வசனம். நாளுக்குப் பத்து, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 14 வாரம். வாரம் ஏழு நாளும் நடக்கும் என்று கணக்குப் போடுகிற வீட்டில்தான் மூன்றாம் வாரம் நின்றுபோகிறது.

படகில் தலையணை வைத்துத் தூங்கிய இயேசு எழுந்து புயலை அடக்கும் பகுதியை எடுத்தார்கள். 4:38-இல் ‘பின்னணியம்’ என்று வருகிறது. பிள்ளைகளுக்கு அது சினிமா இசை. முதல் நாளே அம்மாவோ அப்பாவோ வாசித்துப் பார்த்து, ‘படகின் பின்பக்கம்’ என்று பென்சிலால் மேலே எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்கள். நல்ல யோசனை. தமிழ் வாசிக்கத் திணறும் இங்கிலீஷ் மீடியம் பிள்ளை இங்கிலீஷிலேயே வாசிக்கட்டும். ‘தலையணை யார் கொண்டுவந்தாங்க?’ என்று ஒரு வாண்டு கேட்க, அப்பா பதில் ஜோடிக்கப் பார்த்தார். “தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க” என்று பயிற்சியாளர் நிறுத்தியது அன்றைக்குக் கிடைத்த சிறந்த பாடம். ஜெபத்தையே திட்டாக மாற்றுவதையும் பிடித்துத் திருத்தினார்கள். “ஆண்டவரே, இவன் கணக்குல மார்க்கே வாங்க மாட்டேங்கிறான்” என்றதும் பையன் கண்ணைத் திறந்து அம்மாவை முறைத்தான்.

குறைகளும் உண்டு. கையேட்டில் 24 பக்கம். ஜெப ஒழுங்கு இருக்கிற ஒரு பக்கத்தைக் கிழித்து ஃபிரிட்ஜில் ஒட்டினால் போதும். ‘தினமும் இரவு 8.30’ என்று அச்சடித்திருப்பது சேலத்துக்குச் சரிப்படாது. கொலுசுப் பட்டறை, தறி, ஸ்டீல் பிளான்ட் ஷிப்ட் என்று ஆளுக்கொரு நேரத்தில் வீடு திரும்புகிற ஊர் இது. கடிகாரத்தைப் பார்த்தால் கடைசியில் அம்மா மட்டும்தான் மிஞ்சுவார். சாப்பிட்ட தட்டை எடுக்கும் முன் என்று ஏதாவது வேலையோடு சேர்த்துவிட வேண்டும். நைட் ஷிப்ட் வாரத்தில் ஸ்கூல் வேன் வருவதற்கு முன் ஒரு வசனம், ஒரு வாக்கிய ஜெபம், அவ்வளவுதான். இதையெல்லாம் அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. வீடு திரும்பிய பிறகு விசாரிக்க ஏற்பாடும் இல்லை. வட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்த குடும்பத்தோடு போன் நம்பரை மாற்றிக்கொண்டு, ஞாயிறுதோறும் ‘எத்தனை நாள் நடந்தது?’ என்று கேட்டுக்கொள்ளலாம்.

காலையில் பிள்ளைகளுக்கு இட்லி ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள், 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. மே மாதத் தேதி வேண்டாம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் வண்டி நகராது. 5 முதல் 11 வயதுப் பிள்ளைகள் இருந்தால் தாராளமாகப் போகலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள், அந்த வயதுக்கு அங்கே ஒன்றுமே வைத்திருக்கவில்லை.