நைட் ஆஃப் தி க்ரீப்ஸ்: ப்ளூரே வட்டு வாங்கலாமா?

தாராளமாக. ஃப்ரெட் டெக்கர் 1986இல் எடுத்த திகில் படம். விண்வெளியிலிருந்து விழும் அட்டைப்பூச்சி மாதிரிப் புழுக்கள் வாய்வழியே மூளைக்குள் புகுந்து ஆளை நடைப்பிணமாக்கும். ஆரம்பத்தில் வேற்றுக்கிரகவாசிகளின் ரப்பர் உடம்பைப் பார்த்தாலே சிரிப்பு வரும். அப்புறம் 1959இல் நடக்கும் பகுதி, கறுப்பு வெள்ளையில்.

பாத்திரங்களுக்கு ரொமேரோ, ஹூப்பர், க்ரோனன்பெர்க் என்று திகில் பட இயக்குநர்களின் பெயர்கள். கோட்டு சூட்டோடு செத்த பையன்கள் மாணவியர் விடுதிக்கு நடந்து வருகிறார்கள்; "உங்க ஜோடிப் பையன்கள் வெளியே வந்தாச்சு, ஆனால் பிணமாக" என்று துப்பறிவாளராக வரும் டாம் அட்கின்ஸ் மாணவிகளிடம் அலட்டாமல் சொல்கிறார். எனக்கு அந்த ஒரு காட்சிக்கே காசு தகும். புல்வெட்டும் இயந்திரம் வேறு வருகிறது! காதல் பகுதி கொஞ்சம் இழுவைதான், ஓட்டிவிடுங்கள். திரையரங்கில் வெளியிட்டபோது மாற்றிய முடிவு இதில் படத்தோடு இல்லை, கூடுதல் பகுதியில் தனியாக இருக்கிறது. 2009 ப்ளூரேயில் படம் டெக்கர் முதலில் எடுத்த முடிவோடு இருக்கிறது.