மறைந்தவர் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைக்க: பாலக்காடு எல்லையில் பெயர் சேர்க்கும் சேவை எப்படி இருக்கிறது?

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை பக்கத்துத் தமிழ் வீடுகளில் தலைப்பிள்ளைக்கு அப்பாருவின் (தாத்தாவின்) பெயரையோ ஆத்தாவின் (பாட்டியின்) பெயரையோ வைப்பது பழைய வழக்கம். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்டவும் யாருக்கும் மனசு வராது. பெரியவர் போய்ச் சில மாதமே ஆகியிருந்தால் இன்னும் கஷ்டம். அதனால்தான் கூப்பிட ஒரு பெயர் முன்னால், மறைந்தவர் பெயர் நடுவில், தந்தை பெயர் கடைசியில் என்ற அமைப்பு இப்போது பரவலாகி வருகிறது. இதைப் பிறப்புச் சான்றிதழில் ஏற்றித் தரும் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு: பஞ்சாயத்து ஆபீஸ், கே-ஸ்மார்ட் தளம் (கேரள உள்ளாட்சிகளின் இணையச் சேவை), அட்சயா மையம் (கேரளத்தின் இ-சேவை மையம்) மூன்றும் சேர்த்து.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பெயர் முடிவு செய்ய இந்தச் சேவை கொடுக்கும் அவகாசம் தாராளமானது, நிறையப் பேருக்கு அது தெரியவே தெரியாது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரிப் பிரசவமென்றால் தகவல் கொடுக்கும் பொறுப்பு ஆஸ்பத்திரியுடையது. ஆனால் இந்தப் பக்கம் பல வீடுகளில் பெயர் வைப்பதே 28-ஆம் நாள்தான். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று படிவத்தை நீட்டியதும் வாயில் வந்த பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பாரு பெயர் விட்டுப்போச்சே என்று பிறகு வருந்துவது இதனால்தான். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பிறப்புப் பதிவாகும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 14-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமில்லை. அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். கணக்கு பிறந்த நாளிலிருந்து அல்ல, பதிவு நாளிலிருந்து.

பெயரை ஒருமுறை ஏற்றிவிட்டால் கதை வேறு. எழுத்துப் பிழையைத் திருத்த 15-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்போதும் பழைய பதிவு அழியாது, ஓரத்தில்தான் திருத்தம் ஏறும். "நடுவில் அப்பாரு பெயரைச் சேர்க்கணும்" என்பதோ பிழைத் திருத்தமே இல்லை, பெயர் மாற்றம். அதற்கு அலைச்சல் கூடும். ஆகவே வீட்டில் பேசி முடியும்வரை கட்டத்தைக் காலியாக விடுவதுதான் புத்திசாலித்தனம்.

எந்த அலுவலகம் என்பதைப் பிரசவம் நடந்த ஊர் முடிவு செய்கிறது, குடியிருக்கும் ஊர் அல்ல. எல்லையில் இது பெரிய விஷயம். கேரளப் பக்கத்து வேலந்தாவளத்தில் குடியிருந்து கோயமுத்தூரில் பிரசவமானால் பதிவு தமிழ்நாட்டில், சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். பாலக்காட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்தால் கேரளப் பதிவு, மலையாளமும் ஆங்கிலமும். கேரளத்தில் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் 2024 ஜனவரியிலும், கிராம பஞ்சாயத்துகளில் 2025 ஏப்ரலிலும் கே-ஸ்மார்ட் வந்தது. ஆதாரோடு இணைந்த கைபேசி கையில் இருந்தால் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். மலையாளத் தட்டச்சு பழக்கமில்லாதவர்களுக்கு அட்சயா மையம் நல்ல துணை. பதிவு எண், பெற்றோர் இருவரின் ஆதார், ஓடிபி வரும் கைபேசி, இவை கையோடு இருக்கட்டும். கட்டணப் பலகையைப் பார்த்துப் பணம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

குறை என்று சொல்ல வேண்டியது ஒன்றுதான், அது பெரிய குறை. தமிழர் அடர்ந்து வாழும் பஞ்சாயத்திலும் சான்றிதழில் தமிழுக்கு ஒரு வரி இல்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசு அலுவலகங்களுக்கு எழுத கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது, மனுவைத் தமிழில் கொடுக்கலாம். ஆனால் பெயர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் ஏறும். மறைந்தவரின் பெயர் உருமாறிப் போவது இங்கேதான்.

வேலாயுதம் என்று எழுதிக் கொடுத்தால் மலையாள வழக்கப்படி வேலாயுதன் ஆகிவிடும், ஆங்கிலத்தில் கடைசி எழுத்து எம் போய் என் வந்து நிற்கும். கந்தசாமி கந்தஸ்வாமி ஆவார். பழனியம்மாள் தமிழ்நாட்டுக் காகிதங்களில் பெரும்பாலும் எல் போட்டு எழுதப்படுவார், இந்தப் பக்கம் இசட்-எச். முருகனுக்கு மலையாளத்தில் க போடுவதைப் பார்த்து ஆங்கிலத்தில் ஜி-க்குப் பதில் கே வரும். யார் மேலும் குற்றமில்லை, தட்டச்சு செய்பவர் தனக்குப் பழகிய பெயரை எழுதுகிறார். வாயால் சொல்லிக் கொடுப்பதுதான் தவறு. சட்டம் வாய்மொழியாகப் பெயர் சொல்லவும் அனுமதிக்கிறது, இருந்தாலும் அந்த வசதியை இங்கே பயன்படுத்தவே கூடாது.

செய்ய வேண்டியது இது. பெரியவரின் பழைய காகிதங்களை எடுங்கள்: ரேஷன் கார்டு, நிலப் பத்திரம், ஆதார், மரணச் சான்றிதழ். நாலிலும் நாலு விதமாக இருக்கக்கூடும். அவர் கையெழுத்துப் போட்ட வடிவம் எது, வீட்டார் மனதில் உள்ள உச்சரிப்பு எது என்று பார்த்து ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். வாரிசுச் சான்றிதழ், பட்டா இவற்றோடு பிள்ளையின் நடுப்பெயர் ஒத்துப்போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. எனவே மரணச் சான்றிதழில் பிழையாக இருந்தால் அந்தப் பிழையைப் பிள்ளைக்கும் சுமத்த வேண்டாம். முழுப் பெயரையும் மலையாளத்திலும், ஆங்கிலப் பெரிய எழுத்திலும், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே தெளிவாக இடம் விட்டு, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள். சமர்ப்பிக்கும் முன் திரையில் இரண்டு மொழியையும் தனித்தனியாக, எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது.

மறைந்தவர் பெயரை இனிஷியலாக வைக்கவே வேண்டாம். நாங்கள் இதை அழுத்தியே சொல்கிறோம். "வே. கவின்" என்று எழுதினால் பார்ப்பவர் வே என்பதைத் தந்தை பெயர் என்றே எடுத்துக்கொள்வார். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுதச் சொல்வார்கள். ஒரு மனிதரை நினைத்து வைத்த பெயர் ஒற்றை எழுத்தாகி, அதுவும் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும். கவின் வேலாயுதம் சிவகுமார் என்று மூன்றையும் முழுதாகவே ஏற்றுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் நடுப்பெயருக்குத் தனிக் கட்டம் கிடையாது, இரண்டே கட்டம்தான். கவின் வேலாயுதம் இரண்டும் சொந்தப் பெயர்க் கட்டத்தில், சிவகுமார் குடும்பப் பெயர்க் கட்டத்தில் வரும். பான் அட்டை விண்ணப்பத்தில் நடுப்பெயருக்குக் கட்டம் உண்டு, அங்கே வேலாயுதம் தனியாக உட்காரும். இரண்டும் முரணல்ல. நீளமான பெயர்களைச் சுருக்கிக்கொள்ளலாம்: வேலாயுதசாமிக் கவுண்டர் என்று இருந்தால் வேலாயுதம் போதும்.

பிள்ளையின் தந்தையே மறைந்திருந்தால் வேறொரு பெயர் தேட வேண்டாம். அவர் பெயரை இனிஷியலாக்காமல் முழுதாகப் பிள்ளையின் பெயரோடு எழுதினால் போதும். தந்தை பெயர்க் கட்டத்தில் லேட், அமரர் என்று முன்னால் சேர்க்காதீர்கள், அது பெயரின் பகுதியாகவே பதிவாகி ஒவ்வொரு ஆவணத்திலும் கூடவே வரும். முன்பு இழந்த குழந்தையின் பெயரை வைப்பவர்கள் அதை நடுவில் மட்டும் வையுங்கள், கூப்பிடும் பெயர் வேறாக இருக்கட்டும். ஒரே பெற்றோர், ஒரே பெயர் என்று இரண்டு பதிவு இருந்தால் பிற்பாடு தேடும்போது குழம்பும். இந்தப் பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு பெயர் வேண்டுமே.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆதார். கோயமுத்தூரில் பிறந்து கேரள முகவரியில் வாழும் பிள்ளைகளுக்கு இங்கே கவனம் தேவை. தமிழ்ச் சான்றிதழைக் கொடுத்தாலும் கேரள முகவரிக்குப் பெரும்பாலும் மலையாளத்தில்தான் ஆதார் அச்சாகும். ஆங்கில எழுத்திலிருந்து மென்பொருளே மலையாளப் பெயரை உண்டாக்கும், அது அடிக்கடி கோணலாக வரும். பதிவு செய்பவரிடம் சொல்லி அங்கேயே திருத்த வேண்டும். ஐந்து வயதுக்குள் கைரேகை எடுப்பதில்லை. 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்கும்போது பெயரை மறுபடி பாருங்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது நடுப்பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிப் பதிவேட்டில் எழுதிவிடுவது உண்டு, அது அப்படியே கேரளப் பள்ளிகளின் மாணவர் பதிவு மென்பொருளான சம்பூர்ணாவுக்குப் போய்ப் பத்தாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்வரை வரும். அதற்கப்புறம் திருத்த, கேரளத் தேர்வு அலுவலகமான பரீட்சா பவனுக்கு எழுத வேண்டும். சேர்க்கை நாளிலேயே சான்றிதழ் நகலைக் கொடுத்து, மூன்று சொல்லும் முழுதாக ஏறியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.