5 லட்சம் தாண்டிய எல்ஃப் லொறி: மிஸ் அடித்த இஞ்சினும் அதைப் பிடித்த விதமும்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பழைய எல்ஃப் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் "இந்த இஞ்சினைக் கொல்ல ஏலாது" என்பார்கள். அது பாதி உண்மை. கொல்ல ஏலாதுதான், ஆனால் நோய் வரும். வந்தால் எங்கே வலிக்கிறது என்று அதுவே காட்டித் தரும் என்பதுதான் எனக்கு இந்த லொறியில் பிடித்த விசயம்.

என்னுடையது 90களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த இசுசு எல்ஃப், 4ஜேபி1 இஞ்சின். 2771 சிசி, நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, சென்சர் கிடையாது. மீட்டர் 5 லட்சம் கிலோமீற்றரைத் தாண்டி நாளாகிவிட்டது. எனக்கு முதல் ஓட்டியவரின் காலத்தில் மீட்டர் கேபிள் அறுந்தும் கிடந்ததாம், ஆகவே உண்மைக் கணக்கு கடவுளுக்குத்தான் தெரியும். போகத்தில் படுவான்கரை வயல்களில் இருந்து சம்மாந்துறை ஆலைகளுக்கு நெல். போகம் முடிந்தால் செங்கல், சீமெந்து, கோயில் திருவிழாவுக்குக் கதிரையும் பந்தல் சாமானும்.

புது லொறி எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இருக்கிறதை ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பழைய எல்ஃபின் விலைகூட எங்கேயோ போய்விட்டது.

இனி நோய்க்கு வருவம். மாரி தொடங்கின கையோடு, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கபின் முழுக்க உதறும், பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற எதுவும் தெரியாது. சைலன்சரில் இருந்து வெள்ளைப் புகை, கண் எரியும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் கொஞ்சம் அடங்கும், ஆனால் முழுசாகப் போகாது. சமதரையில் சமாளிக்கலாம். செங்கலடியில் இருந்து மகா ஓயாப் பக்கம் பாரத்தோடு ஏறினால் மூன்றாம் கியரிலேயே மூச்சு வாங்கும். டீசலும் வழக்கத்தை விட வேகமாக இறங்கியது.

ஆளுக்கொரு தீர்ப்பு. டீசல் பம்ப் போயிற்று என்றார் ஒருவர். ஹெட் கேஸ்கட், அதாவது இஞ்சின் ஹெட்டுக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற தகடு, என்றார் இன்னொருவர். ஒரு கராஜில் இஞ்சினை எட்டிக்கூடப் பார்க்காமல், அதை இறக்கி ஓவர்ஹோல் பண்ணச் சொல்லிக் கணக்கும் எழுதித் தந்தார்கள். ஹெட் கேஸ்கட் கதையை நானே தள்ளிவிட்டேன். ரேடியேற்றரில் தண்ணீர் குறையவில்லை, மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டால் குமிழியும் வரவில்லை. புகையில் பச்சை டீசல் மணம் அடித்தது. தண்ணீர் ஆவியானால் அப்படிக் கண் எரியாது. எரியாத டீசல்தான் வெளியே வருகிறது என்பது அதிலேயே தெரிந்தது.

கடைசியில் கல்முனையில் பழைய டீசல் இஞ்சின் மட்டுமே பார்க்கிற ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது) கொண்டுபோனேன். "ஓவர்ஹோல் கதைய மறுகா பாப்பம் தம்பி. முதல்ல எந்தச் சிலிண்டர் படுத்துக் கிடக்கெண்டு பாப்பம். வண்டிய இரவைக்கு இஞ்சயே விட்டுட்டுப் போங்க, நல்லா ஆறட்டும்" என்றார்.

மறுநாள் காலை நான் போகும்வரை இஞ்சினைத் தொடவில்லை. ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஈரத்துணி ஒன்றை எடுத்து, புகை வெளியேறுகிற எக்ஸோஸ்ட் மனிபோல்ட் ஹெட்டில் சேருகிற நாலு வாயிலும் ஒவ்வொரு துளியாகப் பிழிந்தார். ஒன்று, இரண்டு, நாலு ஆகியவற்றில் துளி சுர்ரென்று காய்ந்தது. மூன்றாவதில் சும்மா வழிந்து கீழே இறங்கியது. சூடேறாத சிலிண்டர் எரியாத சிலிண்டர். கம்ப்யூட்டரும் வேண்டாம், மீற்றரும் வேண்டாம்.

அதோடு விடவில்லை. 17 ஸ்பனரை எடுத்து, இஞ்சின் ஐட்லிங்கில் ஓட ஓட, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நொசிலுக்குப் போகிற பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச்சுற்று இளக்கினார். நல்ல சிலிண்டரில் இளக்கினால் இஞ்சின் சத்தம் உடனே விழும், உதறல் கூடும். மூன்றாவதை இளக்கியபோது ஒரு மாற்றமும் இல்லை. வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: அந்த இடத்தில் கையை வைக்காதீர்கள், முகத்தையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அழுத்தத்தோடு பாய்கிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தின அளவுதான் தெரியும், உள்ளே விரல் அழுகும்.

மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை. சரி, ஏன்? நொசிலா, பம்பா, வால்வா, ரிங்கா? நாலில் எதுவும் இருக்கலாம். முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் பார்ட்ஸ் வாங்க ஓடுவது. காக்கா ஒரு சதமும் செலவழிக்க விடாமல் மூன்றாவது நொசிலையும் முதலாவதையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். செப்பு வாசர் மட்டும் புதிது. பழைய வாசரைத் திரும்பப் போட்டால் அதில் கசிந்து வேறொரு தலைவலி வரும். திரும்ப ஆறவிட்டு ஸ்டார்ட் பண்ணினால், இப்போது துளி காயாமல் வழிந்தது முதலாவதில். நோய் நொசிலோடு சேர்ந்தே இடம் மாறியிருந்தது. மூன்றாவதிலேயே நின்றிருந்தால் கொம்பிரசன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) அல்லது பம்ப் என்று பார்க்க வேண்டியிருக்கும். ஓவர்ஹோல் கணக்கு எழுதின தாளை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

நாலு நொசிலையும் டீசல் பம்ப், நொசில் திருத்துகிற பம்ப் ரூமில் கொடுத்து டெஸ்டரில் போட்டுப் பார்த்தோம். நல்ல நொசில் கர்ரென்று சத்தம் போட்டு மூடுபனி போல அடிக்கும், அடித்து முடிந்ததும் நுனி காய்ந்திருக்கும். எங்களுடையது மூத்திரம் பெய்கிறது போல ஒழுகியது. இந்த இஞ்சினுக்குச் சதுர சென்றிமீற்றருக்கு 185 கிலோ அழுத்தத்தில் திறக்க வேண்டும், அது அதற்கு வெகு முன்னாலேயே திறந்துகொண்டது. மற்ற மூன்றும்கூடக் களைத்துத்தான் இருந்தன. நாலுக்கும் நொசில் முனை மாற்றி, ஒரே அளவுக்குச் செற் பண்ணி எடுத்தேன். பார்ட்ஸ் கடையில் மலிந்த பிரதியும் கிடைக்கும். இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. நாலு சிலிண்டரும் ஒரே அளவு டீசலை ஒரே மாதிரி எரித்தால்தான் இஞ்சின் ஆடாமல் நிற்கும்.

நொசில் ஏன் போனது என்பதற்கு 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை நினைத்தால் போதும். அந்த வருடம் ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாய், அதுவும் வரிசையில் கிடந்தால். மண்ணெண்ணெய் ஓகஸ்ட் வரை 87 ரூபாய். கான்களில், பரல்களில் கைமாறி வந்த டீசலில் என்ன கலந்திருந்தது என்று யார் கண்டது? இந்த ரொட்டரி வகைப் பம்புக்குத் தனி ஒயில் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசலே அதற்கு எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை, பம்பும் நொசிலும் உள்ளே தேய்ந்துகொண்டே போகும். டாங்கியை இறக்கிக் கழுவியபோது அடியில் தண்ணீரும், விரலில் ஒட்டுகிற கபில நிறச் சேறும் கிடந்தன.

நொசில் மாற்றிய பிறகு உதறலும் வெள்ளைப் புகையும் போயின. ஆனால் இன்னொன்று மிச்சம் இருந்தது: சூடான பிறகு ஐட்லிங் ஏறி ஏறி இறங்கும், சிலவேளை சந்தியில் நிற்கும்போது அணைந்தே போகும். முந்தி எல்லாம் ஒரே நோய் போலத் தெரிந்ததால் இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. காற்று இழுக்கிறது என்று சந்தேகப்பட்டு, பில்டரில் இருந்து பம்புக்குப் போகிற பைப்பில் ஒரு துண்டு ஒளி தெரிகிற பிளாஸ்டிக் குழாயைப் பூட்டினோம். ஓட ஓடச் சின்னக் குமிழிகள் வரிசையாகப் போயின. டாங்கியில் இருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற பக்கம். அங்கே வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால்தான் கீழே எத்தனை தரம் படுத்துப் பார்த்தும் ஈரம் தெரியவில்லை. டாங்கிக்குக் கிட்ட ரப்பர் குழாய் கிளிப்புக்கு அடியில் மயிரிழையாக வெடித்திருந்தது. மொத்தச் செலவில் இதுதான் ஆகக் குறைவு.

கையோடு வால்வு இடைவெளியும் பார்த்தோம். ஆறின இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் இரண்டு வால்வுக்கும் (இன்லெட், எக்ஸோஸ்ட்) 0.40 மில்லிமீற்றர். நாலாவதின் எக்ஸோஸ்ட் வால்வுக்குள் இடைவெளி அளக்கிற பீலர் தகடே நுழையவில்லை. அப்படியே ஓடியிருந்தால் வால்வு எரிந்திருக்கும். எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் முதலாவது சிலிண்டரை கொம்பிரசன் உச்சியில் நிறுத்தி, ஒன்றின் இரண்டு வால்வு, இரண்டின் இன்லெட், மூன்றின் எக்ஸோஸ்ட் செய்யலாம். இஞ்சினை ஒரு முழுச்சுற்று சுற்றி மிச்சத்தைச் செய்யலாம்.

இப்போது பாரத்தோடு லீற்றருக்கு ஏழுக்குக் குறையாமல் ஓடுகிறது. வெறும் லொறியாகப் போனால் ஒன்பது வரை வரும். மகா ஓயாப் பக்கம் மூன்றாம் கியரில் பேச்சில்லாமல் ஏறும். புகைப் பரிசோதனையும் பாஸ். குறை இல்லாமல் இல்லை. கடற்காற்றில் கபின் தரை உக்கிப் போய் இரண்டு இடத்தில் தகடு ஒட்டியிருக்கிறேன். பாரத்தோடு ஸ்டியரிங் திருப்ப உடம்பில் பலம் வேண்டும். மத்தியான வெயிலில் இஞ்சின் சூடு இருக்கைக்கு அடியில் இருந்து ஏறும். ஒயில் மூடியைத் திறந்தால் மெல்லிய ஆவி வருகிறது, ரிங் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த வயதுக்கு அது போகட்டும்.

தண்ணீர் பிரிக்கிற கிண்ணத்தை இப்போது வாராவாரம் திறந்து வடிக்கிறேன். ஐட்லிங்கில் கியர் கம்பியில் இன்னும் ஒரு சின்ன நடுக்கம் மிச்சம். அது எரிகிற கோளாறு இல்லை, இடப்பக்க மவுண்டிங் ரப்பர் பிளந்திருக்கிறது. போகம் முடியட்டும், அதையும் மாற்ற வேண்டும்.