கடலோர வீட்டில் பளிங்கு அம்மன்: வைத்துக் கும்பிட்ட அனுபவம்

தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். இந்த உப்புக் காற்றில் வெள்ளைப் பளிங்குச் சிலை தாங்குமா என்று வாங்குவதற்கு முன்னால் கேட்காத ஆள் இல்லை. 2017 நவராத்திரிக்கு முன்பு ஓர் அடி உயர மகாலட்சுமியை வீட்டுக்கு வாங்கினோம். அதன் பிறகு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் தெரு அம்மன் கோவிலுக்கு இரண்டரை அடி துர்க்கையைக் காணிக்கையாகக் கொடுத்தார். இரண்டு சிலையையும் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். காற்று செய்த கெடுதல் கொஞ்சம். நாம் செய்யும் பூஜை செய்த கெடுதல்தான் அதிகம்.

இரண்டும் ஜெய்ப்பூரில் செதுக்கியவை. விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரே பெயர் மக்ரானா. ராஜஸ்தானில் இருக்கும் ஊர், தாஜ்மகாலுக்குக் கல் போன ஊர். ஆனால் இன்று மக்ரானா என்று விற்கும் வெள்ளைச் சிலைகளில் வியட்நாம் கல்லும் உண்டு. அது மோசமான கல் இல்லை, பார்வைக்கு இன்னும் வெள்ளையாகவே இருக்கும். பேரைச் சொல்லி விலையை ஏற்றும்போதுதான் கேள்வி கேட்க வேண்டும். எங்கள் லட்சுமியின் இடது தோளிலிருந்து முழங்கால் வரை சாம்பல் நிறத்தில் மெல்லிய ரேகை ஒன்று ஓடுகிறது. பெட்டியைப் பிரித்ததும் அத்தை, "விரிசல் விட்ட சிலையையா கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். விரிசலா ரேகையா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காயும்வரை பாருங்கள். விரிசல் என்றால் தண்ணீரை உள்ளே வாங்கி, மற்ற இடம் காய்ந்த பிறகும் கறுத்தே நிற்கும். நகத்தை ஓட்டினாலும் தட்டும். ரேகை இரண்டிலும் சிக்காது.

கோவில் வாசல் கடைகளில் கிடைக்கும் சின்ன வெள்ளைச் சிலைகள் பல, பளிங்குத் தூளை ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்தவை. கையில் எடுத்தால் கல்லின் சில்லிப்பு இருக்காது, எடையும் குறைவு, அடியில் அச்சுக் கோடு தெரியும். சில வருஷங்களில் மஞ்சளித்துப் போகும். கொலுவுக்கு அது போதும். கல் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

சரி, பூஜை விஷயத்துக்கு வருகிறேன். துர்க்கை வந்த புதிதில் கோவிலில் கருங்கல் அம்மனுக்கு நடக்கும் எல்லா அபிஷேகமும் அவளுக்கும் நடந்தது. பால், தயிர், மஞ்சள், இளநீர், பஞ்சாமிர்தம் எல்லாம். பளிங்குக்கு இதெல்லாம் ஆகாது என்று கமிட்டியில் சிலர் சொன்னபோது பூசாரி ஐயா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, ராமேஸ்வரத்துல ஸ்படிக லிங்கத்துக்கு விடியக்காலம் பாலாபிஷேகம் பண்றாங்களே, அதுவும் வெள்ளைதானே?" நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்படிகம் குவார்ட்ஸ், சிலிக்கா வகை. கத்தி முனைகூட அதில் கீறல் போடாது, புளிப்பும் அதை அரிக்காது. பளிங்கு கால்சியம் கார்பனேட், அதாவது கீழக்கரைச் சங்கு எதனால் ஆனதோ அதேதான். சங்கின் மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்கும் என்பது கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் பளிங்கு 3, குவார்ட்ஸ் 7. கருங்கல்லில் பெரும்பகுதி குவார்ட்சும் அதற்கு நெருங்கிய கடினமுள்ள தாதுக்களும்தான். அதனால்தான் நம் மூலவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் எண்ணெய்க்காப்பையும் தயிரையும் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த ஆடி மாதத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை மாலை சாத்தினார்கள். ஊசியில் கோத்த பழம் துளை வழியாகச் சாறு கசியும். மாலையைக் கழற்றியபோது எதுவும் தெரியவில்லை. மறுநாள் காய்ந்த துணியால் துடைக்கும்போது பார்த்தால், அம்மன் மடியிலும் சிங்கத்தின் பிடரியிலும் சொட்டுச் சொட்டாகப் பளபளப்பு செத்துப் போயிருந்தது. அது கறை இல்லை. கறையென்றால் நிறம் இருக்கும், இது வெள்ளையாகத்தான் இருந்தது. விரலை வைத்தால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்றிருந்தது. மேல்தோலையே புளிப்பு தின்றுவிட்டது, எத்தனை தரம் கழுவினாலும் வராது. ராமநாதபுரத்திலிருந்து மார்பிள் தரைக்குப் பாலிஷ் போடுகிறவரைக் கூட்டி வந்தார்கள். மடி சமதளம் என்பதால் நைஸ் உப்புத்தாளும் பாலிஷ் பவுடரும் வைத்துத் தேய்த்துப் பளபளப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். பிடரியின் சுருளுக்குள் அவர் விரல் போகவில்லை. அங்கே இன்றைக்கும் மங்கல்தான்.

அப்புறம் சந்தனக்காப்பு. உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார், மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் களைவார்கள். அந்த ஊர் பக்கத்தில் இருக்கும்போது இங்கேயும் சந்தனம் சாத்தலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கல்லில் இழைத்த சந்தனம் வேறு, பாக்கெட் சந்தனப் பவுடர் வேறு. பவுடரில் சேர்த்திருந்த சாயம் துர்க்கையின் கழுத்தடியில் காவி நிழலாக இறங்கிவிட்டது. குங்குமமும் அப்படித்தான். நெற்றியில் நேரே வைக்காமல், சின்னதாக ஒட்டும் பொட்டின் மேல் வைக்கிறார்கள் இப்போது.

கடைசியில் கமிட்டி எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. வடநாட்டுக் கோவில்களில் பளிங்குச் சிலைக்கு வஸ்திரமும் அலங்காரமும்தான் பிரதானம். தினசரி அபிஷேகம் பக்கத்தில் வைத்திருக்கும் சின்ன உலோகச் சிலைக்கு நடக்கும். அதே மாதிரி இங்கேயும் துர்க்கையின் காலடியில் சின்னப் பஞ்சலோக அம்மன் வந்துவிட்டாள். கருவறையில் பழைய கருங்கல் அம்மன் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். மகாமண்டபத்தில் பட்டுப்புடவை கட்டித் துர்க்கை. வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் அவள் முன்னால்தான், அதையும் சொல்லியாக வேண்டும்.

வீட்டு லட்சுமிக்கு ஆரம்பத்திலிருந்தே அபிஷேகம் கிடையாது. தினமும் காய்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டுவது, மாதத்தில் ஓரிரு முறை ஈரத்துணி. தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிப்பு. அதால் துடைத்தால் காய்ந்ததும் உப்புப் பூத்துவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்து வைத்துக்கொள்வோம். சோப்புத் தேவைப்பட்டால் காரமில்லாத லிக்விட் ஒரு துளி. புளி, எலுமிச்சை, பித்தளை விளக்கும் பவுடர், ஆசிட் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பூஜைச் சாமான் என்றால் புளிபோட்டுத் தேய்ப்பதுதான் அவர் கை பழகிய வேலை.

ஒருமுறை மஞ்சள்கிழங்குத் தண்ணீர் பீடத்தில் சிந்தி, தாமரை இதழ் ஒன்று மஞ்சளாகிப் போனது. வெயிலில் வைக்கச் சொன்னார்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது, துணியில் பட்ட மஞ்சள் வெளுப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிட்டது. எண்ணெய்க்கு இந்த வித்தை செல்லாது. பளிங்கு மெல்ல உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கூழாகக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஒரு நாள் விட்டால் ஓரளவு இழுக்கும், முழுசாக வராது. அதனால் விளக்கைச் சிலைக்கு ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறோம். கற்பூரத் தட்டையும் முகத்துக்கு நேரே தூக்குவதில்லை, புகைக்கரி மூக்கிலும் உதட்டிலும்தான் முதலில் படியும். கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் என்ற பூச்சைப் பூசினால் போதும் என்பார்கள். அது எண்ணெய் இறங்குவதைத் தாமதப்படுத்தும், புளிப்பைத் தடுக்காது.

இனி உப்புக் காற்று. கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது சன்னல் கம்பியெல்லாம் பிசுபிசுக்கும். கல் மேலும் உப்பு படியும், துடைத்தால் போய்விடும். பாழாவது கல்லோடு சேர்ந்த மற்ற சாமான்கள். துர்க்கையின் சூலத்தைக் கையில் நிறுத்த உள்ளே இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். அது துருப்பிடித்து, விரலிடுக்கில் செம்மண் நிறத்தில் ஒழுகியது. ஆர்டர் கொடுக்கும்போதே கம்பி, ஆணி எதுவானாலும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நகைகளையும் இரும்புக் கம்பியால் கட்டாதீர்கள். அடுத்தது பெயிண்ட். கரையில் பொன்வண்ணம் கொப்புளித்து உரிகிறது. எங்கள் லட்சுமிக்குக் கண்ணிலும் உதட்டிலும் மட்டும்தான் வண்ணம், அதனால் பிழைத்தோம்.

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெய்ப்பூர் முகம் பெரிய கண், உருண்டைக் கன்னம். அம்மா முதலில் "இது நம்ம அம்மன் மாதிரி இல்லையே" என்றார். நம் சாயல் வேண்டுமென்றால் முன்புறம், பக்கவாட்டு இரண்டு படமும் அனுப்பி, களிமண் மாதிரியைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். கைகள் உடம்பை ஒட்டியிருக்கும் வடிவமே நல்லது. துர்க்கையின் எட்டுக் கைகளில் ஒன்றின் சுண்டுவிரல் நுனி லாரியில் வரும்போதே போய்விட்டது. விற்றவர் தரப்பில் பசை டப்பா ஒன்றை அனுப்பிவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். பின்னமான சிலையை வைக்கலாமா என்று ஊரில் பெரிய விவாதமே நடந்தது. ஸ்தபதி ஒருவர் வந்து பார்த்து, அலங்காரச் சிலைதானே, ஒட்டி வைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்திருந்தால் பேச ஒரு பிடி இருந்திருக்கும்.

எடையையும் யோசியுங்கள். ஒரு கன அடி பளிங்கு ஏறத்தாழ 75 கிலோ. சுவரில் அடித்த பலகை மாடத்துக்கு ஓர் அடிச் சிலையே அதிகம். வரி என்று தனியாகக் கேட்டால் காரணம் கேளுங்கள், கல், பளிங்கு, மரத்தாலான தெய்வச் சிலைகளுக்கு 2018 ஜூலையில் ஜிஎஸ்டி விலக்கு கொடுத்தார்கள். பெட்டி, லாரி வாடகை, இறக்கு கூலி தனிதான், முதலிலேயே பேசிவிடுங்கள்.

வீட்டில் விளக்கேற்றிப் பூ வைத்துக் கும்பிட என்றால் தயங்காமல் வாங்கலாம். தினமும் அபிஷேகம் நடக்கும் கருவறைக்கு என்றால் வேண்டாம், மயிலாடியிலோ மாமல்லபுரத்திலோ கருங்கல்லில் சொல்லுங்கள். எங்கள் லட்சுமிக்கு இப்போது பாக்கி இருப்பது ஒரு வேலைதான். இடது கண்ணின் மை லேசாக உதிர்ந்திருக்கிறது. கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், எனாமல் வேண்டாம், அக்ரிலிக் போதும் என்று.