செங்கோட்டையில் ஒரு மருந்துக் கடை: இரண்டு சீட்டையும் சேர்த்துப் படிப்பவர்

செங்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு பழைய மருந்துக் கடையைப் பற்றி இதை எழுதுகிறேன். விளம்பரம் போலத் தெரியக் கூடாது என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். "சீட்டு இல்லாமல் மாத்திரை தராத கடை" என்று கேட்டால் ஊரில் யாரும் வழி காட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் அதைப் புகாராகவே சொல்வார்கள்.

கடை சிறியது, ஆனால் மருந்து கொடுக்கும் முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அட்டையிலிருந்து நான்கைந்து மாத்திரைகளை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடும் என்பதால், அந்தத் தேதியை உறையின் மேல் பேனாவால் எழுதித் தருகிறார். தூக்க மாத்திரைக்கும் கடும் வலிக்கான மாத்திரைக்கும் தனிப் பேரேடு வைத்திருக்கிறார். அல்பிரசோலம், டயசிபம், சோல்பிடம், டிரமடால் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சில மருந்துகளுக்காக 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 என்ற அரசு அட்டவணையில் அடங்குபவை. எழுதிக்கொடுத்த மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைப் பதிந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. நான் பார்த்த சில கடைகளில் அந்தப் பேரேடு ஆய்வாளர் வரும் நாளுக்காக மட்டுமே நிரப்பப்படுகிறது. இவர் ஒவ்வொரு முறையும் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் அலமாரியைத் திறக்கிறார். எத்தனை மாத்திரை கொடுத்தார் என்பதைச் சீட்டிலேயே எழுதி முத்திரையும் குத்திவிடுவதால், அதே சீட்டை இன்னொரு கடையில் நீட்டுவது கடினம்.

இந்தப் பழக்கத்தின் அருமை எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும். 1956 வரை திருவிதாங்கூரோடும், பின் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் இது. இன்றும் இங்குள்ளவர்கள் ஒரு வைத்தியத்துக்குத் தென்காசிக்கும் மற்றொன்றுக்குப் புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் போய்வருகிறார்கள். அங்கே எழுதியது இங்கே தெரியாது, இங்கே எழுதியது அங்கே தெரியாது. நான் நடத்தும் மெல்லிசைக் குழுவுக்குத் திருவிழாக் காலத்தில் மலைக்கு இரு பக்கமும் கச்சேரி உண்டு. எங்கள் முதன்மைப் பாடகர் ஒரு விபத்துக்குப் பின் முதுகுவலிக்கென்று புனலூரில் டிரமடால் வாங்கிக்கொண்டிருந்தார். விடியவிடியப் பாடிவிட்டுப் பகலில் உறக்கம் வரவில்லையென்று தென்காசியில் அல்பிரசோலமும் எழுதி வாங்கியிருந்தார். இரண்டும் முறையான சீட்டுகள். எழுதிய இருவருமே தகுதியான மருத்துவர்கள். அவருடைய குரல் தடித்ததையும், சரணம் மறந்ததையும், மலச்சிக்கலால் மேடைக்கு முன் அவதிப்பட்டதையும் நாங்கள் களைப்பு என்றே பேசிக்கொண்டோம்.

இந்தக் கடைக்காரர் இரண்டு சீட்டையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தார். "அண்ணாச்சி, இந்த ரெண்டும் ஒண்ணா உள்ள போனா தூக்கத்துல மூச்சு மந்தமாயிரும். இது அந்த டாக்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பாடகருக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துதானே, கஞ்சாவா கேட்டேன் என்று சத்தம் போட்டார்.

எழுதிக்கொடுத்த மருந்து போதையாகாது என்ற இந்த நம்பிக்கைக்கு அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைவிடப் பெரிய உதாரணம் இருக்க முடியாது. 1970 டிசம்பர் 21 அன்று வெள்ளை மாளிகைக்குச் சென்று அதிபர் நிக்சனைச் சந்தித்து, போதைப்பொருள் தடுப்புத் துறையின் அதிகாரச் சின்னத்தைக் கேட்டுப் பெற்றுக்கொண்டவர் அவர். 1973இல் மெம்பிஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, ஊசி வழியாகப் பெத்திடின் என்ற கடும் வலி மருந்துக்கு அடிமையாகியிருந்தது தெரியவந்தது. அதற்குப் பின் உடல் பருத்தது, பெருங்குடல் வீங்கியது, மேடையில் சொற்கள் குழறின. 1977 ஜூனில் இண்டியானாபோலிஸில் கடைசியாகப் பாடி, ஆகஸ்ட் 16 அன்று 42 வயதில் இறந்தார். இதயம் நின்றதே காரணம் என்று அறிவிக்கப்பட்டாலும், ஆய்வகச் சோதனையில் கோடீன் என்ற வலி மருந்து, டயசிபம் உள்ளிட்ட பல மருந்துகள் அவர் உடலில் இருந்தது தெரிந்தது. அவ்வாண்டின் முதல் எட்டு மாதங்களில் மட்டும் அவருடைய மருத்துவர் ஜார்ஜ் நிக்கோபுலஸ் அவர் பெயரில் 10,000க்கும் மேற்பட்ட மாத்திரைகளையும் ஊசிகளையும் எழுதியிருந்தார். நான் எழுதாவிட்டால் வேறு ஊர் மருத்துவர்களிடம் வாங்கிவிடுவார், என் கையில் இருந்தாலாவது குறைக்கலாம் என்பதே அவருடைய வாதம். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸிலும் லாஸ் வேகாஸிலும் எல்விஸுக்கு வேறு மருத்துவர்கள் இருந்தார்கள். நிக்கோபுலஸ் 1981இல் குற்ற வழக்கிலிருந்து விடுதலையானார், 1995இல் மருத்துவ உரிமத்தை நிரந்தரமாக இழந்தார். அத்தனை சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்து, இது ஒரே மனிதனின் வயிற்றுக்குள் போவதா என்று கேட்க வேண்டியவர் யார் என்ற கேள்வி அந்த வழக்குகளில் முழுதாகத் தீரவில்லை என்பது என் கருத்து.

செங்கோட்டைக் கடைக்காரர் மாத்திரையை அடியோடு மறுக்கவும் இல்லை. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பல மாதம் சாப்பிட்ட அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், தென்காசி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டுச் சில நாளுக்கு மட்டும் கொடுத்தார். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒரே மருத்துவரிடம் போகும்படி சொன்னார். தானாக அளவை மாற்றிக்கொடுக்கவில்லை, வேறு மாத்திரையைத் தலையில் கட்டவும் இல்லை. போதை மீட்பு ஆலோசனைக்கான 14446, மனநல உதவிக்கான 14416 ஆகிய இரண்டு எண்களையும் உறையின் பின்பக்கம் எழுதித் தந்தார்.

குறைகளும் உண்டு. நோயாளியின் பெயரையும் மருந்தின் பெயரையும் உரக்க வாசித்தபடி பேரேட்டில் எழுதுகிறார். வரிசையில் நிற்கும் அண்டை வீட்டுக்காரருக்கு எல்லாம் கேட்கும். ஊரில் நான்கு பேருக்குத் தெரிந்த பாடகருக்கோ ஆசிரியருக்கோ இது பெரிய சங்கடம், இதற்காகவே சிலர் இந்தப் படியை மிதிப்பதில்லை. பேரேடு கையால் எழுதப்படுவதால் மாலையில் நெரிசல் சேர்ந்துவிடுகிறது. தள்ளுபடி கிடையாது. இரவுக் கடையும் கிடையாது. அவசரமென்றால் வேறு இடம்தான் தேட வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் எப்போதும் இருப்பில் இருக்கின்றன, ஆனால் கேரளத்தில் எழுதிக்கொடுக்கும் சில கம்பெனி மருந்துகளுக்கு இரண்டொரு நாள் காத்திருக்க நேரிடுகிறது.

பாடகர் அன்றிரவே வேறொரு கடையில் சீட்டில்லாமல் ஓர் அட்டை வாங்கினார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு அவருடைய மனைவி இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனார். இப்போது அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துவருகிறார்கள். கச்சேரியில் அவருக்குப் பாதிப் பாடல்கள்தான், மீதியை இளைய பாடகர் பாடுகிறார். கடைக்காரர்மீது அவருக்கு இன்னும் கோபம் தணியவில்லை. மருந்து வாங்க மனைவியைத்தான் அனுப்புகிறார், அதுவும் இதே கடைக்கு.